தீனியில் குறையில்லை

எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அப்பா பார்த்த வேலையை வாய்விட்டுச் சொன்னதில்லை. "கவர்மெண்ட்டுல கால்நடை டாக்டருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்தக் கால்நடை என்று யாராவது கேட்டுவிட்டால் பேச்சு மழைக்கும் மஞ்சள் விலைக்கும் தாவிவிடும். அப்பா வேலை பார்த்தது பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகும் ரோட்டில், ஒரு பன்றிப் பண்ணையில். பண்ணைக்கு உள்ளேயே எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். எண்பதுகளில் என் சிறுவயது அங்கேதான் கழிந்தது. வந்த விருந்தாளிகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காப்பி குடித்தார்கள். பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா மட்டும் விடாமல் வந்தார். அவருக்குத் தருமபுரியில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. கேட்டைத் தாண்டும்போதே, "உங்கப்பாவோட ஸ்டூடண்டுங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டு என்னைச் சிரிக்கவைப்பார். அப்போது அக்கா ப்ளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள். மாமா வரும் நாளில் அவள் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடியோ குறைந்தோ இருக்கும். அவளை அவருக்குத்தான் கொடுப்பது என்று அவள் பிறந்த அன்றே பேசி முடித்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். அம்மாவே அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். பேச்சு வந்த நாள்முதல் அப்பாவை 'மாமா' என்று கூப்பிட்டுப் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகும் அதை மாற்றவில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். மூன்று வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. அடிக்கடி கைகால் வெட்டி இழுக்கும். இழுத்து முடித்ததும், எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். தருமபுரி, சேலம் என்று அப்பா தூக்கிப் போகாத ஆஸ்பத்திரி இல்லை.

அவன் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு வாந்தி நிற்கவே இல்லையாம். களி வேண்டாம், சோறு வேண்டாம் என்று புளியங்காயைக் கடித்துக்கொண்டே மாதங்களை ஓட்டினாளாம். "வயித்துப் புள்ளையப் பட்டினி போட்டுட்டா" என்று சொந்தத்தில் எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அதையே நம்பினாள். அமாவாசைக்கு அமாவாசை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தீர்த்தமலைப் படியேறுவாள். பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் அவன் தலையை நனைத்து, "நான் பண்ண தப்புக்கு இவன வாட்டாத சாமி" என்று வேண்டுவாள். அப்பா மலைக்கு வந்ததில்லை. பஸ் ஏற்றிவிட்டு, சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். நீ செய்தது தப்பில்லை என்றும் அவர் சொன்னதில்லை.

பண்ணையில் இருந்தவை ஊர்ப் பன்றிகள் அல்ல, வெள்ளைப் பன்றிகள். சுற்றியிருந்த ஜவ்வரிசி மில்களில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் எஞ்சும் திப்பி மலையாகக் கிடக்கும். விலை கூடிய தானியத்துக்குப் பதில் அதைக் கலந்து போட்டால் பன்றி எவ்வளவு எடை கூடும் என்று பார்ப்பது அப்பாவின் ஆராய்ச்சி. அது நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அந்த வருஷம் தாய்ப் பன்றிகள் ஈன்ற குட்டிகள் சோனியாக இருந்தன. சில செத்தே பிறந்தன. சிலவற்றுக்குப் பின்னங்கால் அகன்றுபோய் எழுந்து நிற்க வரவில்லை.

திப்பியில் சத்துப் போதவில்லை என்று அப்பா நினைத்தார். சினையாக இருந்தவற்றுக்குக் கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சேர்த்துப் போடச் சொன்னார். சாப்பிடும்போதுகூட அதே பேச்சுதான். அடுத்த ஈற்றும் அப்படியே ஆனது. அதற்குப் பிறகு ஒரு நாள் லாரியில் வேறு பண்ணையிலிருந்து புதிய ஆண் பன்றி ஒன்று வந்து இறங்கியது. பழையதை ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அது பிடித்த பன்றி. வேலிக்கு வெளியே நின்று அழுதேன்.

மாதங்கள் கழித்து ஒரு காலை அப்பா கொட்டகையிலிருந்து வேகமாக வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "வந்து பாரேன், குட்டிங்க கும்முனு இருக்குது" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அத்தனை வருஷத்தில் அம்மா கொட்டகைப் பக்கம் போனதே இல்லை. அன்று என்னவோ, தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினாள். நானும் ஓடினேன்.

தாய்ப் பன்றி ஒருக்களித்துப் படுத்திருந்தது. மடியில் ரோஜா நிறத்தில் குட்டிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பால் குடித்தன. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன தடவ நொண்டிக் குட்டிங்களாப் போட்டதுன்னு சொன்னீங்களே, அது எது மாமா?"

"இதேதான்."

"அப்ப இதுக்குப் போட்ட தீனி பத்தலீங்களா?"

"தீனியில ஒரு கொறையும் இல்ல. அப்பவும் இதேதான் தின்னுச்சு. தாய் மேல தப்பே இல்ல" என்றார் அப்பா. வெற்றி பெற்றவர் குரல்.

"அப்பறம் எதுதான் மாறுச்சு?"

"கெடாவ மாத்துனோம். பழைய கெடா இதுக்குச் சொந்த ரத்தம். ஒரே ரத்தத்துக்குள்ள சேந்தா, ரெண்டு பக்கமும் மறைஞ்சிருக்கற கொறை ஒண்ணாச் சேந்து குட்டியில…"

அப்பா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அம்மாவின் தோளில் தம்பியின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அம்மா அதைத் தூக்கி நேராக வைத்தாள்.

"தாய் மேல தப்பில்லைங்களா?" என்று அம்மா மறுபடி கேட்டாள்.

"இல்ல" என்றார் அப்பா. இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

அம்மா திரும்பி நடந்தாள். குட்டிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நான் அங்கேயே நின்றேன். அப்பா வேலிக் கட்டையைப் பிடித்தபடி, நான் பக்கத்தில் இருப்பதே தெரியாதவர்போல் இருந்தார். படித்தவருக்கு அது முன்பே தெரியாமல் இருந்திருக்குமா என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். தெரிந்துதான் இருக்கும். பன்றிக் கொட்டகையில் நினைக்க முடிந்ததைச் சொந்த வீட்டில் நினைக்க அவருக்கு மனம் வந்திருக்காது.

அடுத்த அமாவாசைக்கு அம்மா தீர்த்தமலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த அமாவாசைக்கும் இல்லை. மலையடிவாரத்துக் கடைப் பொரி போயிற்றே என்பதுதான் என் வருத்தம். இன்னொன்றையும் கவனித்தேன். அம்மா அப்பாவை 'மாமா' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "ஏங்க" என்றாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்காக்கள் புருஷனைக் கூப்பிடுவதைப் பார்த்து அம்மாவும் நாகரிகமாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆவணியில் மாமா பூவும் பழமும் புடவையுமாக வந்தார். தையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேச வந்திருந்தார். அம்மா புடவையை வாங்கிப் பிரிக்காமல் பெஞ்சின்மேல் வைத்தாள். அவரை உட்காரவைத்து வயிறு நிறையச் சோறு போட்டாள். அவர் கை கழுவி வந்தபிறகு சொன்னாள்.

"இவ உனக்கு வேணாம்டா. வெளிய பொண்ணு பாத்துக்க."

மாமா முதலில் சிரித்தார். அம்மா சிரிக்காததைக் கண்டு, "நான் என்னக்கா தப்புப் பண்ணேன்?" என்றார்.

"நீ ஒண்ணும் பண்ணல. நாங்களுந்தான் ஒண்ணும் பண்ணல." அம்மா மடியில் கிடந்த தம்பியைக் குனிந்து பார்த்தாள். "அதனாலதான் சொல்றேன்."

கொட்டகையில் கெடா மாற்றிய கதையை அம்மா சொன்னாள். மாமாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், "இந்த ரெண்டு புள்ளைங்களும் நல்லாத்தான இருக்குது?" என்று என்னையும் சமையலறைப் பக்கமும் காட்டினார்.

"இருக்குது. இவனும் இருக்கறான்."

"எங்களப் பன்னியோட சேத்துப் பேசறியாக்கா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க மாமா. உங்களுக்கு எங்கக்காவக் கட்டிக் குடுக்கலியா?"

அப்பா ஜன்னலோரமாக நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவள் முதுகு முழுவதும் காத்திருந்தது.

"அவ சொல்றது செரிதான்பா" என்றார் அப்பா.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தேர்முட்டிக் கடை மைசூர்பாகு வாங்கித் தருவதாகச் சொன்னாரே என்று நான் கேட் வரை பின்னால் ஓடினேன். அவர் திரும்பவில்லை. நல்ல மனிதரிடம் அம்மா வேண்டுமென்றே சண்டை இழுத்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். அப்பா "செரிதான்" என்று சொன்னபோது, தங்கள் கல்யாணத்தையே தப்பு என்று ஒப்புக்கொண்டார் என்பதோ, அதைக் கேட்கத்தான் அம்மா காத்திருந்தாள் என்பதோ, கேட்டபிறகும் இருவரும் அதே வீட்டில் வாழ வேண்டியிருந்தது என்பதோ எனக்கு எட்டவில்லை.

தம்பி ஐப்பசி மழையில் போனான். ஜுரம், அதோடு இழுப்பு. விடாத மழையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் அப்பாவின் கையிலேயே அடங்கிவிட்டான். காலையில் சொந்தம் எல்லாம் வந்தது. அன்று யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அப்படி அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

மாமாவும் வந்தார். உள்ளே வராமல் மழையில் வேப்பமரத்தடியில் நின்றார். அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கி, அண்ணாந்து குடித்து, சொம்பைத் தரையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா ஏன்க்கா உன்னப் பாக்க மாட்டேங்கறாரு? உம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

அக்கா என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் என்னை அடித்ததில்லை. அறைந்துவிட்டு, சொம்போடு சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வெளியே மாமா துண்டால் முகத்தை மூடியிருந்தார். நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மற்ற எல்லோரும் தம்பிக்காகத்தான் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.