வீடு பார்க்கப் போகும்போது பேசும் மொழி

தொண்ணூற்றொன்றில் தமிழர்களுக்கு எதிராகக் காவிரிக் கலவரம் நடந்தபோது, எங்கள் லிங்கராஜபுரம் வீட்டு வாசலில் தமிழ் எழுத்திலிருந்த பெயர்ப்பலகையை நானே கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அதற்குப் பிறகு தெரியாத தெருவில் நாங்கள் தமிழ் பேசுவதில்லை.

ஏழெட்டு வருடம் கழித்துக் கணவரின் அலுவலகம் வைட்ஃபீல்டுக்கு மாறியது. ஞாயிறுதோறும் மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு அந்தப் பக்கம் வீடு தேடி அலைந்தோம். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று அவர் விசாரிப்பார். பக்கத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரிப்பேன். நல்ல பள்ளி இருந்த இடத்தில் எனக்குப் பயம். பயமில்லாத இடத்தில் பள்ளி சரியில்லை.

"இன்னும் எத்தனை வீடுதான் பாக்கறது? நீயே முடிவு பண்ணு" என்றார் ஒருநாள். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

கடைசியாகப் பார்த்த வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தே போகலாம். வீட்டுக்கார அம்மாவிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, மகள் வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். முட்டியில் ரத்தம்.

"அழாதடி கண்ணு, ஒண்ணுமில்ல" என்று என்னை மறந்து தமிழில் சொல்லிவிட்டேன்.

சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, அவள் என் வாயைக் கையால் பொத்தினாள். வீட்டுக்கார அம்மா எதையும் கவனிக்காமல், பஞ்சு எடுத்துவர உள்ளே ஓடினார்.

அந்த வீட்டுக்கே குடிபோனோம். பள்ளியும் நல்ல பள்ளி, அக்கம்பக்கமும் நல்ல மனிதர்கள்.

என் வாயைப் பொத்தியபோது அவளுக்கு ஐந்து வயது. கலவரத்தின்போது அவள் பிறந்திருக்கவே இல்லை.