விமானிக்கு ஜன்னல், எனக்கு பிளைவுட்

விமானியின் வேலையைக் குறைப்பதுதான் எங்கள் வேலை. அதில் எங்கள் வேலைக்கு மட்டும் குறைவே இல்லை. நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்து கண்ணைத் தேய்க்கும் பாவப்பட்டவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எனக்கு விமானம் ஓட்டத்தான் ஆசை. சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியவில்லை என்று மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது சிறிய விமானங்களுக்கு காக்பிட், அதாவது விமானி அறைத் திரைகளை வடிவமைக்கிறேன். திண்டிவனம் வீட்டு மாடியில் பிளைவுட்டில் ஒரு காக்பிட்டே செய்து வைத்திருக்கிறேன். பறக்காது என்பது ஒன்றுதான் அதில் குறை.

பத்து விளக்கு

இன்ஜின் மக்கர் செய்தால் பத்து எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் மின்னும்படி வரைந்திருந்தேன். பெருமை தாங்கவில்லை. விழுப்புரத்தில் பஸ் ஓட்டும் என் மச்சினன் செல்வத்தை பிளைவுட் சீட்டில் உட்கார வைத்துக் காட்டினேன். அவன் கைப்பிடியை விட்டுவிட்டு ஒவ்வொரு விளக்காகப் படிக்க ஆரம்பித்தான். நிஜ விமானமாக இருந்தால் அதற்குள் ஏதாவது மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே இறங்கியிருக்கும்.

“ஏன் மாமா, பத்து பேரு ஒண்ணா நின்னுக்கினு ‘ஸ்டாப்பு, ஸ்டாப்பு’ன்னு கத்துனா நான் பஸ்ஸ ஓட்றதா, அவங்களுக்குப் பதில் சொல்லிக்கினு இருக்கறதா?”

ஒரே கட்டம்

பத்தையும் ஒரே கட்டத்துக்குள் அடக்கினேன். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் கோளாறு. நிறத்தைத் தேர்ந்தெடுத்தது சக ஊழியர். என் கண் விஷயத்தை ஆபீசில் நான் மூச்சுவிடவில்லை. இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் எங்கே போவது? சோதனை விமானி கேப்டன் கவிதா வந்த அன்று, சிவந்து கிடந்த கட்டத்தைக் காட்டி, “எல்லாம் சரியா இருக்கு மேடம்” என்றேன். அது சிவப்பு என்று சக ஊழியர் திருத்தினார். கேப்டனிடம் என் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இந்த வேலையும் போச்சு என்று நின்றேன்.

“வெயில் நேரா அடிச்சா எனக்கும் அந்தக் கலர் தெரியாது சார். வடிவத்தையும் மாத்துங்க, எழுத்தும் போடுங்க.”

மேலே

சரியென்றால் வட்டம், கோளாறென்றால் முக்கோணம், கூடவே என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரி. அந்தத் திரையைப் பொருத்திய விமானத்தில் கேப்டன் பறந்துவிட்டு இறங்கினார். வேலிக்கு இந்தப் பக்கம் நோட்டும் கையுமாக நின்றிருந்தேன். வேலை குறைந்ததா என்று கேட்க வேண்டியவன், மேலே எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டேன்.

“திரையவே பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல சார். இன்னைக்குத்தான் நிமிந்து வெளிய பாத்தேன். ஏரியெல்லாம் தண்ணி, அவ்வளவு அழகு.”

விமானிக்கு ஜன்னலைப் பார்க்க நேரம் வாங்கிக் கொடுத்த எனக்கு, ஜன்னலோர சீட் கிடைப்பது விழுப்புரம் பஸ்ஸில்தான், அதுவும் செல்வம் ஓட்டுகிற நாளில்.