சனிக்கிழமை இரத்தம்

அப்பா என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, நீ படிச்சனீ. ஊசி இல்லாமல் ஏதும் வழி இருக்கோ எண்டு பார்."

அப்பாவின் சீனி வருத்தம் குளிசை மாத்திரைக்கு அடங்கவில்லை, இன்சுலின் ஊசி தொடங்கவேண்டி வரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பெரியப்பாவுக்கு ஊசி தொடங்கிய அடுத்த வருஷம் கால் எடுத்தார்கள். ஆறாத புண்ணுக்காக எடுத்தது, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் எத்தனை தரம் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. ஊசி வந்தது, கால் போனது. அவருக்கு அவ்வளவுதான். ஊரார் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்து எங்களை வளர்த்தவர். கால் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர் கிளினிக்குக்கே வரமாட்டேன் என்று நின்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொல்வதைக் கேட்டு எல்லோரும் "ஓம்" என்பார்கள். அந்த "ஓம்" எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

கீட்டோ உணவுமுறையைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். சோறு, புட்டு, பாண், சீனி எதுவும் இல்லை. மீன், முட்டை, கீரை, தேங்காய், நல்லெண்ணெய். டொக்டரிடம் கேட்டபோது அவர் யோசித்துவிட்டு, "மூண்டு மாதம் பாப்பம். குளிசையை நீங்களா நிப்பாட்டக் கூடாது. தலைசுத்து, நடுக்கம் வந்தா உடனை வாங்கோ. தொடங்க முதலும் முடியவும் இரத்தம் சோதிச்சுக்கொண்டு வரவேணும்" என்றார். வீட்டில் எல்லோரையும் இருத்தி விளங்கப்படுத்தினேன். அப்பா "ஓம்" என்றார். அம்மா "ஓம்" என்றார். தங்கையும் "ஓம் அண்ணை" என்றாள்.

எனக்கு வேலை கிளிநொச்சியில். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன், ஞாயிறு திரும்புவேன். சனி விடிய, தேத்தண்ணிக்கு முன்பு, அப்பாவின் விரலில் குத்தி, சீனி அளக்கும் மெசினில் பார்ப்பேன்.

"என்னவாம்?" என்பார் அப்பா, மெசினும் ஒரு ஆள் மாதிரி.

"நல்லாயிருக்கப்பா. நூற்றிப்பத்து."

அவர் விரலைச் சப்பிக்கொண்டு அம்மாவைப் பார்ப்பார். அம்மா அடுப்பைப் பார்ப்பார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று மாதம் முடிய ஒரு சனிக்கிழமை இரத்தம் கொடுத்தோம். வியாழக்கிழமை கிளினிக். நான் புதன்கிழமை லீவு எடுத்து, பட்டினத்து ஆய்வுகூடத்தில் ரிப்போட்டை வாங்கி, பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிரித்தேன்.

நான் பயந்துகொண்டிருந்தது எல்.டி.எல். என்ற கொழுப்புக்கு. இந்தச் சாப்பாட்டில் சிலருக்கு அது ஏறும் என்று வாசித்திருந்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் இறங்கவேண்டிய ட்ரைகிளிசரைட் கொழுப்பும் அசையவில்லை. வெறும்வயிற்றுச் சீனி நூற்றிப்பதினைந்து. அதற்குக் கீழே, மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்லும், ஏழுக்குள் நிற்கவேண்டிய எச்.பி.ஏ.1.சி. ஒன்பதரை. தொடங்கும்போது ஒன்பது. ஒரே தாளில் இரண்டு மனுசரின் இரத்தம் இருப்பதுபோல.

திரும்பிப் போய் ஆய்வுகூடப் பெண்ணிடம் கேட்டேன். "அக்கா, இது ஆள் மாறியிருக்குமோ?"

"இல்லைத் தம்பி. உங்கடை அப்பான்ரைதான். சந்தேகமெண்டா திருப்பிக் குடுங்கோ."

இராப் பஸ்ஸில் வருவேன் என்று சொல்லியிருந்தவன் மத்தியானமே வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பாவும் அவரோடு கூலிக்குப் போகிற சித்தப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் குத்தரிசிச் சோறு, மீன் குழம்பு. அம்மா அகப்பையோடு நின்றார். தங்கைதான் முதலில் என்னைக் கண்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு மிச்சம் விளங்கிவிட்டது.

சித்தப்பா மட்டும் சிரிப்பை நிறுத்தவில்லை. "வா மோனை, இரு. உன்ரை கொப்பருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் வருத்தம்."

"எத்தினை நாளா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"கோவிக்காதை அப்பன். முதல் கிழமை செய்து பாத்தவர்தான். முட்டையைத் திண்டுபோட்டு வெயிலுக்கை மண் கொத்தேலாதாம்."

"அப்ப சனிக்கிழமை எப்பிடியம்மா நூற்றிப்பத்து?"

தங்கைதான் சொன்னாள். "வெள்ளி விரதமெல்லே அண்ணை. அப்பா ஒரு நேரந்தான் சாப்பிடுறவர். அதுவும் சோறில்லாமல். இரவைக்குத் தண்ணிதான். அடுத்தநாள் குறைவாத்தான் காட்டும்."

அவளுக்கும் தெரிந்திருந்தது. சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்தது நான். அதற்கு முதல்நாள் எங்கள் வீட்டில் விரதம் என்பது நான் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அதை நினைக்கவில்லை. அவர்களோ இரண்டாம் சனிக்கிழமையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீ அந்த மெசினைப் பாத்துச் சிரிப்பாய்" என்றார் அம்மா. "எப்பிடிச் சொல்லுறது?"

அப்பா கோப்பையைத் தள்ளிவைக்கவில்லை. குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஊசி வேண்டாம் என்று கேட்டவர் அவர். அவருக்காகத்தான் டொக்டரிடம் மூன்று மாதம் வாங்கினேன். ஊருக்கே தெரிந்த விஷயம், அவருக்காக ஓடித்திரிந்த எனக்கு மட்டும் தெரியாது. அன்று நான் அந்த வீட்டில் சாப்பிடவில்லை.

மறுநாள் கிளினிக்கில் டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "சோறு, புட்டு எல்லாம் நிப்பாட்டினனீங்கள்தானே ஐயா?"

"ஓம் டொக்டர். தம்பி சொன்ன மாதிரியேதான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப உந்தச் சாப்பாடு இவருக்குச் சரிவரேல்லைத் தம்பி."

அப்பா மூலையில் இருந்த நிறை பார்க்கும் தராசைப் பார்த்தபடி இருந்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சோறு சாப்பிடாத ஒருவருக்கு எழுதுகிற மருந்தைச் சோறு சாப்பிடுகிறவருக்குப் போட்டால் என்ன ஆகும்?

"இல்லை டொக்டர்" என்றேன். "நான் நிக்கிற நாளிலை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் சோறு."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். அப்பாவை ஏசவில்லை. சொன்னது நல்லது என்றார். ஆனால் இனியும் பொறுக்க ஏலாது என்று அன்றைக்கே ஊசி எழுதினார்.

பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் அப்பா எனக்கு முன் சீற்றில் இருந்தார். இறங்குகிறபோது மட்டும் சொன்னார். "ஆக்களுக்கு முன்னாலை என்னைப் பொய்யனாக்கிப்போட்டாய்."

இப்போது ஊசியை அவரே போட்டுக்கொள்கிறார். காலுக்கு ஒன்றும் இல்லை, தோட்டத்துக்குப் போகிறார். காலையில் தங்கை போன் எடுத்து மெசின் காட்டும் எண்ணைச் சொல்வாள். படம் எடுத்து அனுப்பச் சொல்வேன், அனுப்புவாள். மெசினில் எண் தெளிவாக இருக்கும். அது யாருடைய விரல் இரத்தம் என்பது மட்டும் படத்தில் தெரிவதில்லை.