ஓவனில் சுட்ட ஏத்தங்காய்

பாறசாலையில் என் கணவர் தையல் கடை வைத்திருந்தார். ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குள் நடந்து வந்த வழியெல்லாம் ரத்தப் பொட்டுகள். கால் பெருவிரலின் அடியில் பாதி ஊசி ஏறியிருந்தது. கடையிலிருந்து அதோடுதான் வந்திருக்கிறார். தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்.

நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவரிடம் போனோம். சர்க்கரை நோய் வந்து வருடங்கள் ஆகியிருக்கும் என்றார். கூடவே நியூரோபதி (பாதத்து நரம்புகள் உணர்விழப்பது). மாத்திரை எழுதித் தந்தார். சோறு, மரச்சீனிக்கிழங்கைக் (மரவள்ளி) குறைத்துக் காய்கறியை நிறையக் கொடுக்கச் சொன்னார். புண் ஆறாவிட்டால் காலுக்கே ஆபத்து என்றார். மிஷின் மிதிக்கிற கால் அது.

நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். மரச்சீனி அதன்பின் வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் மாலையில் கொறிக்க ஏதாவது இல்லாமல் அவரால் முடியாது. அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஓவனைக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மட்டும்தான் எடுப்போம், அதை இறக்கினேன். பச்சை ஏத்தங்காயை (நேந்திரன் வாழைக்காய்) விரல் நீளத்துக்கு நறுக்கி, மிளகாய்ப்பொடியும் மிளகும் புரட்டி, பொரிக்காமல் சுட்டேன். அவியலில் போடுகிற காய், இனிப்பு துளியும் கிடையாது, எண்ணெயும் இல்லை. போதாக்குறைக்கு நல்ல காரம்; காரம் சர்க்கரையை முறிக்கும் என்று நம்பினேன். அவர் தட்டுத்தட்டாகத் தின்றார். சபைப் பெண்களுக்கும் செய்முறை சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

புண் ஆறவில்லை. ஓரம் கறுத்தது, பிறகு வாடை வந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த மருத்துவர், தினமும் என்ன கொடுக்கிறேன் என்று கேட்டார். பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சேச்சி, பழுக்காத ஏத்தங்காயும் மாவுச்சத்தாக்கும். மரச்சீனி தின்ன மாதிரிதான்."

கேங்கிரீன் (ரத்த ஓட்டமின்றித் தசை அழுகுவது) என்றார்கள். பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. கட்டிலருகே அழுதபோது அவர் சொன்னார்:

"கரையாத. தின்னது நானாக்கும்."

இப்போது கோவைக்காய், வெண்டைக்காய், பச்சைப் பப்பாளிக்காய்தான். பப்பாளிக்காயை நறுக்கி, உப்புப் பிசறி, விட்ட நீரைப் பிழிந்து துணியால் ஒற்றிவிடுங்கள். ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பிச் சுடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும். உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், ஒவ்வொரு காயின் பேரையும் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

கிழமைகள் எங்களுக்கு மறந்துவிட்டன. சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பின் என்று சர்க்கரை பார்த்துத்தான் நாள் நகர்கிறது. காலையில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் பஞ்சால் பாதத்தைத் தொடுவேன். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும், மருத்துவர் கற்றுத்தந்த சோதனை இது. தெரிகிறது என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார். மீதிக் கால் தப்பிவிடும் என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

ஒருநாள் பாதத்தருகே உட்கார்ந்து, பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுது" என்றார், கண்ணை மூடியபடியே.

நான் இன்னும் தொட்டிருக்கவில்லை.