பஸ்ஸில் சொன்ன வலி

செல்வத்தைப் பார்த்தாலே எனக்குப் பொறாமை. மறைப்பானேன்? கூடப் படித்தவன்தான். வாலிபால் கேப்டன். சீக்கிரமே வேலை. அடுத்த மாதம் கல்யாணம். எனக்கோ... வாரம் ஒருமுறை இந்தப் பத்தியைப் படிக்கும் நீங்கள்!

போன வாரம் இருவரும் பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் வந்தோம். முன் சீட்டில் பெண் வீட்டு மாமா. பாதி வழியில் செல்வம் சுருண்டு குனிந்தான். வாந்தி. முகமெல்லாம் வேர்வை.

“சூடு பிடிச்சிருக்கும்” என்றார் பக்கத்து சீட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தபடி. “கால் பெருவிரல்ல தடவுப்பா. இழுத்துரும்.”

இடுப்புக்குக் கீழே எது வலித்தாலும் நம் ஊர் ஆண்களுக்கு இதுதானே வைத்தியம்?

செல்வம் காலை இழுத்துக்கொண்டான். “சூடு இல்லண்ணே. விதை வலிக்குது! ஒரு பக்கம் வீங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“ஏலே, மெதுவாச் சொல்லு. மாமா இருக்காக...” என்றேன்.

“இருந்தா என்னலே? வலி அவுகளுக்கா?”

மாமா எழுந்தார். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன் — உள்ளுக்குள் துளி சந்தோஷத்தோடு. அவரோ டிரைவரிடம் போனார். “தம்பி, எங்கயும் நிக்காதீக. நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க. எறங்குறவுக திரும்பி வந்துக்கிடட்டும்!”

ஆஸ்பத்திரியில் பார்த்தால், விதை உள்ளே முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்றிருந்தது. உடனே ஆபரேஷன். பிழைத்தது. சில மணி நேரம் தாமதித்திருந்தால் எடுத்தே போட்டிருக்க வேண்டுமாம்.

வெளியே மாமா போவோர் வருவோரிடமெல்லாம், “வாயத் தொறந்து சொல்ற மாப்பிள்ளைய்யா!” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். இப்போது எனக்கு அவன் வேலை மேல் பொறாமை இல்லை. அந்த வாய் மேல்!

மெல்ல டாக்டர் ரூமுக்குள் நுழைந்தேன். வேறு எதனால் எல்லாம் வலிக்கும் என்று கேட்டேன்.

“திடீர் வலின்னா யோசிக்கவே கூடாது, ஓடி வந்துரணும். காய்ச்சல், மூத்திர எரிச்சலோட கொஞ்சம் கொஞ்சமா ஏறினா கிருமியா இருக்கலாம் — மாத்திரை, ஓய்வு. அடிபட்டிருக்கலாம், குடல் இறங்கியிருக்கலாம், கிட்னியில கல்லுன்னாலும் வலி அங்க இறங்கும். ரொம்ப நேரம் நின்னா மந்தமா இழுக்குதா? ரத்தக்குழாய் புடைச்சிருக்கலாம். பல பேருக்குத் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடையே போதும். ஆனா பார்த்துத்தான் சொல்லணும்.”

“அந்த மந்தமான வலி... என் ஃபிரண்ட் ஒருத்தனுக்கு மாசக்கணக்கா...”

“ஃபிரண்டைக் கட்டில்ல படுக்கச் சொல்லுங்க” என்று ஸ்க்ரீனை இழுத்தார் டாக்டர்.

படுத்தேன். செருப்பைக் கழற்றிய என் காலையே பார்த்தார்.

“அதென்ன சார், பெருவிரல் மட்டும் இவ்வளவு வெள்ளையா இருக்கு?”