படி தாண்டிய கங்குச் சட்டி

"நர்ஸம்மா நெருப்ப அள்ளிக்கிட்டுப் போனாங்கன்னா, என் வூட்டு நெருப்பத்தானே அள்ளுனாங்க? உன் வூட்டு அடுப்புக்குள்ளயா கைய உட்டாங்க?" என்று காவேரி குடத்தை நங்கென்று வைத்தாள்.

இண்டூர் அடிபம்பில் தண்ணீர்கூட நின்றுபோனது. பக்கத்து வீட்டுச் செல்லியின் வாய் நிற்கவில்லை. "பச்சப்புள்ள வூட்டு நெருப்பு படி தாண்டுனா அந்த வூடு வெளங்குமா? உங்க எருமைக்குப் பாலு வத்திப்போச்சாமே?"

"அது செனை எருமைடி! பாலு வத்தாம, பாயசமா ஊத்தும்?"

காவேரியின் இடுப்பிலிருந்த மகள் செல்லியின் கொண்டையை எட்டிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அவளுக்கும் நர்ஸம்மா பக்கம்தான் நியாயம் தெரிந்தது போலும்.

வியாகுலம் என்ற அந்த நர்ஸம்மாவை ஊர் ஏசியதெல்லாம் இந்த ஒரு சட்டி நெருப்புக்காகத்தான். மற்றபடி என்ன குறை? அதியமான்கோட்டைப் பக்கம் கடலைக்காடு வைத்திருந்த மாதாகோயில் வேதக்காரக் குடும்பத்துப் பெண். சர்க்கார் உத்தியோகம். பஸ் வராத நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிடுவார். வாசலிலேயே மோந்து பார்த்து இன்ன குழம்பு என்று சொல்லிவிட்டு, கேட்டு வாங்கி ஒரு வாய் சாப்பிடவும் செய்வார்.

காவேரியின் தலைப்பிள்ளை ஒரு மார்கழியில் பால் குடித்துத் தூங்கியது. காய்ச்சலில்லை, இருமலில்லை. விடிந்து பார்த்தால் மூச்சில்லை. "காத்து அடிச்சிருச்சு" என்றது ஊர். அதனால் அடுத்து இந்தப் பெண் பிறந்ததும் மாமியார் கண்ணம்மாள், காற்றே நுழையாதபடி ஜன்னலைச் சாக்கால் அடைத்தாள். கட்டிலடியில் கங்குச் சட்டி. பிள்ளையின் முகத்தையும் சேர்த்து மூடிய துணிகள். போதாததற்குப் பெண்டாட்டிக்குத் துணையென்று மாதையன் உள்ளேயே உட்கார்ந்து பீடி பிடித்தான்.

"கண்ணம்மாக்கா, புள்ள வளக்கறீங்களா, வாழத்தாரு பழுக்கப் போட்டிருக்கீங்களா?" என்றார் வியாகுலம்.

பீடி அன்றே புளியமரத்தடிக்குப் போனது. துணியும் சாக்கும் விலகின. நர்ஸம்மா தெருமுனை திரும்பியதும் இரண்டும் திரும்பி வந்தன. அடுத்த தடவையும் அதே கதை. காவேரி யாரை நம்புவாள்? பிள்ளையின் நெஞ்சில் கைவைத்தபடி தூங்காமல் கிடந்தாள்.

மூன்றாம் தடவை வியாகுலம் குடையை மடக்கவே இல்லை.

"மொதப் புள்ள ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்கக்கா. பெரிய டாக்டருக்கே முழுசாத் தெரியாது. ஆனா பொகையில்லாம, புழுக்கமில்லாம, மூஞ்சி தெரிய மல்லாக்கப் படுக்கற புள்ளைக்கு ஆபத்து கொறவு. சட்டிய வெளிய வைங்க."

"தீட்டு கழியறமுட்டும் நெருப்பு படி தாண்டக்கூடாதுங்க. எங்க மாமியா காலத்துலருந்து இந்த வூட்டு மனுசங்க யாரும் தூக்குனதில்ல."

"வூட்டு மனுசங்கதானே தூக்கக் கூடாது? நான் இந்த வூட்டு மனுசியா?"

கண்ணம்மாள் யோசித்தாள். "இல்லீங்க."

"அப்ப சரி. வர்ற பாவம் எனக்கே வரட்டும்." ஈரத்துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கினார். குடை மடங்கிக் கக்கத்துக்குப் போனது.

கனலும் கங்கோடு வியாகுலம் வாசற்படி தாண்டி நடந்தார். "நர்ஸம்மா! சட்டியையாச்சும் குடுத்துட்டுப் போங்க!" என்று கண்ணம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

உள்ளே காவேரி எழுந்தாள். ஜன்னல் சாக்கைத் தன் கையாலேயே உருவினாள்.