ஞானம் டீச்சரின் இஞ்ச் ஸ்பானர்கள்

ஈப்போ பசாரில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் வரிசை வீட்டுத் தேவசகாயம் அண்ணன். அவர் எனக்கு அழைப்பதே இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறும் என்று கூச்சம். "விஜயா... ஞானம் மூச்சு விடல. வா," என்றார். மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அண்ணனுக்குக் கோப்பி கலக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்த அவர் மனைவி ஞானம் அக்கா, உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டிருந்தார். கொடுத்து வைத்த சாவு என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. காருக்குக் கிளட்ச் தட்டு மாற்ற வேண்டும் என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஞானம் டீச்சரிடம் கணக்குப் படித்தவர்களும் மாதா கோயில் பாட்டுக்குழுவில் அவரோடு பாடியவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த டீச்சரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஒரே வரிசை வீட்டில் குடியிருந்த எனக்குத் தெரிந்த இன்னொரு டீச்சர் உண்டு. அவர் பழைய பூப்போட்ட பாத்திக் கைலி கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்திருப்பார். அன்று அவரைக் குளிப்பாட்டிய பெண்கள் நகக்கண்ணில் இருந்த கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். "விடுங்கக்கா, அது போவாது," என்றேன்.

கார் அண்ணனுடையது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக மருந்து கட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது; வெள்ளைக்காரன் நாட்டுச் செய்கை, இளம்பச்சை நிறம். பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்ததும் காரும் போர்ச்சிலேயே நின்றுவிட்டது. அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினார். கோயிலுக்குக்கூட இல்லை. மகன் ஜோசப் கோலாலம்பூரிலிருந்து புதுக் காரோடு வந்து கெஞ்சினால், "அடுத்தவன் காடியில என்னைத் தூக்கி ஏத்த வேணாம். என் காடி ஓடுனா வாரேன்," என்பார். அது ஓடாது என்ற தைரியத்தில் சொன்னது.

ஜோசப் காரை விற்றுவிடலாம் என்றான். பட்டறைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். அக்கா மட்டும் மசியவில்லை. "அவரு வெளிய வாரதுக்கு ஒரே ஒரு வழியச் சொல்லிருக்காரு. அதையும் வித்துட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று என்னிடம் கேட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானே பாக்குறேன்லா," என்றார். அறுபதைத் தாண்டிய பொம்பளைக்கு இதென்ன விபரீதம் என்றுதான் நான் நினைத்தேன்.

முதல் வேலையாகப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பளபளவென்று ஒரு ஸ்பானர் செட் வாங்கிவந்தார். பெட்டியைத் திறந்ததும் எனக்கே ஆசையாக இருந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு நட்டின் மூலைகள் மழுங்கிப் போயின. ஸ்பானர் எல்லாம் மில்லிமீட்டர். காரோ இஞ்சில் செய்தது. பார்க்கப் பொருந்தினாற்போல் இருக்கும், அழுத்தித் திருகினால் வழுக்கிவிடும். கதவுக்கு உள்ளே நாற்காலியில் இருந்த அண்ணன், "இஞ்ச்சு," என்று ஒரே வார்த்தை சொன்னார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் இஞ்ச்ச மில்லிமீட்டரா மாத்தச் சொல்லிக் குடுத்தவடி நான்! எனக்கு உறைக்கலையே! இந்த மனுசன் வாங்கும்போதே சொன்னா வாயில முத்தா உதிரும்?" அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் பழைய சாமான் சந்தைக்கு நானும் அவரோடு போனேன். அக்கா காரிலிருந்து கழற்றிய நட்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார். குவியலில் கிடக்கும் துருப்பிடித்த ஸ்பானர்களில் ஒவ்வொன்றாக நட்டைப் போட்டு ஆட்டிப் பார்ப்பார். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அத்தனை குறை சொல்ல மாட்டார்கள். கடைக்காரச் சீனர் முதலில், "ஆச்சி, இது சோறு மாசாக் பண்ற சாமான் இல்லலா," என்று கிண்டல் செய்தார். பிற்பாடு அவரே இஞ்ச் ஸ்பானர் வந்தால் ஆச்சிக்கு என்று எடுத்து வைக்கத் தொடங்கினார்.

செட்டாக எதையும் வாங்கக் கூடாது என்பது அக்கா பிறகு கண்டுகொண்ட முறை. வேலை கேட்கும்போது அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவார். ஆனால் ஜாக்கி தூக்கிய காரைத் தாங்கி நிற்க இரும்புக் கால்களை மட்டும் வேலை கேட்பதற்கு முன்பே வாங்கினார். "ஜாக்கிய நம்பி அடியில போனா நேரா கர்த்தர்கிட்டதான்," என்பார். நல்ல டார்ச்சு லைட் அடுத்தது. "வெளிச்சம் இல்லாம காடிக்கு அடியில போறது, கண்ண மூடிக்கிட்டு மீன் ஆயற மாதிரி." பிளக் கழற்றும் நீளக் குழாய், எண்ணெய்க் கேன், கம்பி பிரஷ் என்று பெட்டி மெல்ல நிறைந்தது. அண்ணன் போர்ச்சில் இழுத்துப் போட்ட நாற்காலியிலிருந்து இடது கையால் சுட்டிக் காட்டுவார். இருவருக்கும் ஓயாமல் சண்டை. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர் போர்ச் வரைக்கும் வந்துவிட்டார் என்பதே அக்காவுக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் படைத்துவிட்டு அவர்களுக்குக் கடலை கொண்டுபோனேன். போனால், அக்கா தம் பெட்டியில் இருந்த அத்தனை சாமானுக்கும் சந்தனம் வைத்து வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்! "என்னக்கா இது, ஃபாதர் பாத்தா?" என்றேன். "இதுக்கெல்லாம் பொட்டு வைக்கலையேன்னு நீ மனசுக்குள்ள நெனைச்சுக்கிட்டே வருவியேன்னு நானே வச்சேன். இரும்புக்கு என்னடி மதம்?" என்றார். இப்படியும் ஒரு பொம்பளையா என்று அன்றைக்கு நினைத்ததை இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தச் சந்தனம்தான் வினையாயிற்று. பூசைக்கு அடுத்த வாரம் எல்லாம் பூட்டி முடித்து, சாவியைத் திருப்பினால் இஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. பேட்டரி, பெட்ரோல், வயர் என்று பல நாள் தேடினார். ஒருநாள் மத்தியானம் ஸ்பானரை வீசிவிட்டு, "வித்துருங்க. ஜோசப்கிட்ட சொல்லிருங்க," என்று தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது குறைவு. அண்ணன் இடது கையை நீட்டி, "கேஜ் குடு," என்றார். அது விசிறிபோல் விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். தீப்பொறி விழும் இடத்தின் இடைவெளியை அதை வைத்துத்தான் அளப்பார்கள். அண்ணன் ஒரு தகட்டைக் கட்டை விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். தகடு தகடாகப் பிரித்து, ஒன்றையும் விடாமல், டீச்சர் புத்தியோடு அக்கா சந்தனம் வைத்திருக்கிறார்! அது காய்ந்து ஒட்டிக்கொண்டு தகடே தடித்துவிட்டது. அளந்ததெல்லாம் தப்பு.

அண்ணன் சிரித்தார். ஒரு பக்கம் கோணிய வாயோடு, எச்சில் வழிய, நாற்காலி ஆடும்படி சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான். அக்கா அழுத முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தகடுகளைத் துடைத்து மறுபடி அளந்து வைத்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. சொன்ன சொல்லை மீற முடியாமல் அண்ணன் காரில் ஏறினார். அதன்பிறகு அக்கா ஓட்ட, ஆயர் தாவார் தாண்டி லுமுட் கடற்கரை வரைக்கும் அவர்கள் போகாத ஞாயிறு அபூர்வம்.

அடக்கம் முடிந்து ஜோசப்பும் திரும்பிப் போனபின், அண்ணன் மறுபடி உள்ளே போய்விட்டார். சன்னல்கூடத் திறக்கவில்லை. நான் கொண்டுபோன சோறு அப்படியே இருக்கும். அக்கா பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு டாக்சி சொல்லலாமா என்று கேட்கப் போனேன். வாசலில், சட்டைப் பொத்தானை இடது கையால் தாறுமாறாகப் போட்டுக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார்.

"டாக்சி வேணாம். நீ ஓட்டு."

"ஐயோ அண்ணே, எனக்கு ஆட்டோ கியர்தான் வரும்லா!"

"கிளட்ச்சு இடது காலு. ஏறு."

கேட்டைத் தாண்டுவதற்குள் அணைந்தது. முச்சந்தியில் மறுபடி அணைந்தது. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். வண்டியில் அக்காவின் தலைக்கெண்ணெய் வாசம் வேறு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"அழுவாத," என்றார் அண்ணன். "ஞானம் மொத நாளு கேட்டையே இடிச்சா."

அக்காவின் நினைவாக எனக்கு என்ன வேண்டும் என்று ஜோசப் கேட்டிருந்தான். ஒன்றும் வேண்டாம் என்றேன். அக்கா பாடுபட்டு வெளியே கொண்டுவந்த மனிதரை மறுபடி உள்ளே போகவிடாத வேலை ஒன்று இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

பாதிப் பூசையில்தான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கை கொடுக்கப் போனேன். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு தாமே இறங்கினார்.